நிமிர்ந்து நிற்கும் படம்

மதுரையில் அந்தக் கடையின் கண்ணாடி மேசைக்கு முன் நான் நின்றபோது, விற்பனை இளைஞர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்கு சார், பேரனுக்கா?" என்பதுதான். 2022ஆம் ஆண்டு அது. எனக்கு வயது 69. "எனக்குத்தான் தம்பி" என்றேன். அவர் சற்றே வெட்கப்பட்டார். பிறகு என்மேல் உண்மையான இரக்கம் கொண்டு, "இப்பல்லாம் போன்லயே நல்லா வருது சார்" என்றார். காமிரா விற்பதற்குச் சம்பளம் வாங்கும் ஒருவரே வாங்க வேண்டாம் என்று சொல்லும்படியாக என் தோற்றம் இருந்திருக்கிறது.

அன்று வாங்கியது என் மூன்றாவது டிஜிட்டல் காமிரா. ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-எஸ்10. விலை ஏறக்குறைய ஒரு லட்சம். போடிநாயக்கனூரில் எதையும் ஏலக்காயில் கணக்குப் பார்ப்பது வழக்கம். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் என்ற உச்சத்தைத் தொட்ட விலைப்படி அந்தக் காமிரா பதினான்கு கிலோ ஏலக்காய். 2022இல் விலை ஆயிரத்துக்கும் கீழே கிடந்தபோது அதுவே நூறு கிலோவுக்கு மேல். என் நண்பர், ஓய்வுபெற்ற ஏலக்காய்த் தரகர், இந்தக் கணக்கை என் மனைவியின் எதிரிலேயே போட்டுக் காட்டினார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதில் அவளுக்கு நாற்பத்தைந்து ஆண்டுப் பயிற்சி உண்டு.

ஒவ்வொரு காமிராவுக்கும் ஒரு காரணம் இருந்தது. முதலாவதற்குக் காரணம் ரயில். மதுரை – போடி மீட்டர் கேஜ் பாதை 1928இல் வந்தது. மலையிலிருந்து இறங்கிய ஏலக்காய் ரயிலேறிய ஊர் இது. அகலப் பாதையாக்குவதற்காக 2010 டிசம்பர் இறுதியில் அந்தப் பாதையை மூடினார்கள். கடைசி நாட்களில் ஒரு மாலை, வீட்டிலிருந்த பழைய ஃபிலிம் காமிராவை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். அதிலிருந்த சுருள் காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தது எனக்குத் தெரியாது. எடுத்த ஏழு படங்களிலும் செந்நிறப் புகைமூட்டத்துக்குள் ஏதோ ஒன்று நகர்வதுபோல் இருந்தது. கோடாக்குரோம் ஃபிலிமைக் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்த உலகின் கடைசி நிலையம், அமெரிக்காவின் கான்சாஸில் இருந்தது, அந்த வேலையை நிறுத்தியதும் அதே 2010 டிசம்பர் 30ஆம் தேதிதான் என்று பின்னர் படித்தேன். ஒரே வாரத்தில் இரண்டு பாதைகள் மூடப்பட்டிருக்கின்றன. அடுத்த ஆண்டு பள்ளி ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றேன். பணிக்கொடை கைக்கு வந்தவுடன் நிக்கான் டி3100 வாங்கினேன்.

இரண்டாவதற்குக் காரணம் என் முழங்கால்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் அதன் பூ செடியின் உச்சியில் இருப்பதில்லை. அடித்தூரிலிருந்து கிளம்பும் சரங்கள் பல வகைகளில் மண்மேல் படர்ந்து கிடக்கும். பூக்கள் அந்தச் சரங்களில்தான். விரல்நுனி அளவுள்ள வெள்ளை இதழ். நடுவில் ஊதா நிறக் கீற்றுகள், யாரோ மெல்லிய நிப்புப் பேனாவால் விசிறி வரைந்ததுபோல. ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் வாழ்வு. அதைப் படமெடுக்க ஈரச் சருகின்மேல் வயிற்றை வைத்துப் படுக்க வேண்டும். படுப்பது எளிது. எழுவதற்குத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஆகவே, திரையைத் திருப்பி மேலிருந்தபடியே பார்க்கக்கூடிய நிக்கான் டி5600 வீட்டுக்கு வந்தது. மூன்றாவதற்குக் காரணம் கை நடுக்கம். ஏலத்தோட்டம் என்பது மரநிழலுக்குள் வாழும் தோட்டம். பருவமழை மாதங்களில் நண்பகலிலும் அங்கே அந்தி வெளிச்சம்தான். எக்ஸ்-எஸ்10இல் கை ஆடும்போது உள்ளே சென்சார் எதிர்த்திசையில் ஆடி, படத்தை நிலைநிறுத்திவிடுகிறது. எடையும் அரைக் கிலோவுக்குக் குறைவு.

இப்படி அடுக்கிப் பார்த்தால் எல்லாம் நியாயமாகத்தான் தெரிகிறது. முதுமையில் உடம்பு ஒவ்வொன்றாகக் கைவிடும்போது கருவி ஒவ்வொன்றாக ஏற்றுக்கொள்கிறது. ஊன்றுகோலுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் யாரும் வெட்கப்படுவதில்லை. ஆனாலும் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். புதிய காமிராவின் அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது எழும் அந்த வாசனைக்காக நான் முழங்காலைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறேன். புதுச் சட்டையை முகர்ந்து பார்த்த தீபாவளிக் காலைகளுக்குப் பிறகு அப்படியொரு மகிழ்ச்சியை எனக்கு வேறெதுவும் தந்ததில்லை. இனி எத்தனை புதிய தொடக்கங்கள் மிச்சம் என்று விரல்விட்டு எண்ணும் வயதில், ஒரு தொடக்கத்தைக் கடையில் விலைக்கு வாங்க முடிகிறது என்பது சிறிய ஆறுதல் அல்ல.

இந்த ஆசையை நினைத்து நான் கூச்சப்படும்போதெல்லாம் மா. கிருஷ்ணன் நினைவுக்கு வருவார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார். வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளைக் கொண்டு தாமே கோத்த ஒரு பெரிய கருவியைத்தான் கிருஷ்ணன் காட்டுக்குச் சுமந்து போனார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். புதியது வாங்குவதல்ல, கையிலிருப்பதை முழுக்க அறிவதுதான் அவர் வழி. என் காமிராவின் பட்டியலில் பாதிக்குமேல் நான் இன்னும் திறந்தே பார்க்கவில்லை.

என் முதல் படங்கள் மாமாவின் அக்ஃபா கிளிக் 3இல் எடுத்தவை. பெட்டி போன்ற எளிய காமிரா. ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள். உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1960இல் நிறுவப்பட்டு, 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள் தயாரித்தது. எங்களுக்குக் கிடைத்ததும் பெரும்பாலும் அதுதான். பன்னிரண்டே படம் என்பதால் ஒவ்வொன்றையும் எடுக்குமுன் மாமா ஒரு சிறு குடும்பக் கூட்டம் நடத்துவார். யார் நிற்பது, யார் உட்காருவது, யாருக்கு எத்தனை பிரதி என்பதெல்லாம் முதலிலேயே முடிவாகிவிடும். கழுவி அச்சிட்டு வந்தவுடன் படங்கள் வீடு வீடாகப் போகும். நன்றாக வராத படமும் போகும். கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் என் அத்தையின் படம் அவர் வீட்டுச் சுவரில் முப்பது ஆண்டு தொங்கியது.

டிஜிட்டலுக்கு வந்து பத்தாண்டுகளில் நான் எடுத்த படங்கள் நாற்பதாயிரத்துக்கு மேல். அவற்றில் காகிதத்துக்கு வந்தவை எத்தனை என்று அப்போது என்னை யாராவது கேட்டிருந்தால் ஒரு கை விரல்களில் சொல்லியிருப்பேன்.

அந்தக் கேள்விக்கு நான் வந்து சேர்ந்த வழி சற்றுச் சுற்றுவழி. அது என் கண்ணில் தொடங்கியது.

போடியில் ஏலக்காயைத் தரம்பிரிக்கும் கிட்டங்கிகள் உண்டு. ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. அதைச் சல்லடையில் சலித்து, வெடித்த காயையும் நிறம் மங்கிய காயையும் கையால் பொறுக்கி எடுப்பவர்கள் பெண்கள். எட்டு மில்லிமீட்டர் பருமனும் மாறாத பச்சையும் இருந்தால் அதுதான் முதல் தரம். காயைப் பறித்தவுடன் அளவான சூட்டில் உலர்த்தினால்தான் அந்தப் பச்சை நிற்கும். நிறம்தான் விலை. என்னிடம் படித்த ஒருவரின் கிட்டங்கி என்பதால் அங்கே காமிராவோடு உட்கார எனக்கு அனுமதி இருந்தது. ஒருமுறை நான் எடுத்து, கணினியில் நிறம் திருத்திய படங்களை அந்தப் பெண்களிடம் காட்டினேன். ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இது சாயம் போட்ட காய் மாதிரில்ல இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ஏலக்காய்க்குச் செயற்கைப் பச்சை ஏற்றுவது இங்கே கடுமையான குற்றச்சாட்டு. எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. படம் பார்க்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

2021இல் தேனியில் வலது கண்ணுக்குக் கண்புரை அறுவை நடந்தது. கட்டுப் பிரித்த மறுநாள், முற்றத்தில் நின்று ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பழைய கண்ணில் வெள்ளைச் சுவர் பழந்தாளின் நிறத்தில் இருந்தது. புதிய கண்ணில் அது வெள்ளை. வானத்தில் எனக்குத் தெரியாமலேயே எப்போதோ தொலைந்துபோன நீலம் திரும்பியிருந்தது. ஓவியர் மோனே 1923இல் கண்புரை அறுவை செய்துகொண்டபின் தம் வண்ணங்களைக் கண்டு திகைத்த கதையைப் படித்திருக்கிறேன். அது என் முற்றத்தில் நடக்கும் என்று எண்ணியதில்லை. உள்ளே போய்க் கணினியைத் திறந்தேன். ஐந்தாறு ஆண்டுகளாக மஞ்சள் படிந்த கண்ணோடு, அந்த மஞ்சளைப் படத்திலிருந்து நீக்குவதாக எண்ணிக்கொண்டு, பச்சையையும் நீலத்தையும் ஏற்றி ஏற்றி வைத்திருந்தேன். அத்தனையும் சாயம் போட்ட காய். அந்தப் பெண் முதல் பார்வையில் கண்டதைக் காண எனக்கு ஓர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருக்கிறது.

காய் எடுக்கும் மாதங்களில் அதே பெண் மலைக்குப் போவார். போடியிலிருந்தும் சுற்றுவட்டத்து ஊர்களிலிருந்தும் விடிவதற்குமுன் ஜீப்புகள் தூக்குச்சட்டிகளோடு பெண்களை நிறைத்துக்கொண்டு கிளம்பும். முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் கேரளம். சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவார்கள். 2022 அக்டோபரில், புதிய காமிராவோடு, பூப்பாறைக்குப் போகும் வழியிலுள்ள தோட்டமொன்றில் அவரைப் பார்த்தேன். முதுகில் சாக்கைப் போர்த்திக்கொண்டு தூரடியில் குந்தியிருந்தார். விரல்கள் சரத்துக்குள் போய், முற்றிய காயை மட்டும் தொட்டறிந்து எடுத்தன. இலைகளின் நடுவே ஒரு சாய்ந்த ஒளி அந்தக் கைகளின்மேல் விழுந்தது. பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்திருப்பேன்.

அவர் தலை நிமிராமலே கேட்டார்: "நீங்க எடுக்குற போட்டாவெல்லாம் எங்க போகுது சார்?"

"வீட்ல இருக்கும்மா. கம்ப்யூட்டர்ல."

"யாரு பாப்பாக?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மடியிலிருந்த காயைக் கூடையில் கொட்டிவிட்டு எழுந்தார். "எம்மகளத் திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கேன். பனியன் கம்பெனிக்குப் போறா. அவ இந்தத் தோட்டத்தப் பாத்ததே இல்ல. நான் எங்க கெடந்து அவள வளத்தேன்னு தெரியணும்ல. ஒரு படம் எடுத்துக் குடுங்க. குனிஞ்சிருக்குற மாதிரி வேணாம். நிமிந்து நிக்கிற மாதிரி எடுங்க."

அவர் போர்த்தியிருந்த சாக்கை அவிழ்த்துக் கீழே போட்டார். சேலையைச் சரிசெய்துகொண்டு, ஏலத்தட்டைகளுக்கு நடுவே கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்றார். மங்கலான வெளிச்சம், தட்டையான பின்புலம், என் கணக்கில் அழகில்லாத படம். எடுத்தேன்.

அன்றிரவு பழைய கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலையில் எடுத்த பெண்களின் படங்கள் பல நூறு. அவற்றில் ஏறக்குறைய எல்லாப் பெண்களும் குனிந்திருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒளி அழகாக இருந்தது. கோப்புகளுக்கு நான் வைத்திருந்த பெயர்கள்: 'ஏலத்தோட்டம் – பெண் 1', 'பெண் 2', 'கைகள்', 'பனியில் உழைப்பு'. முப்பது ஆண்டுகள் வருகைப் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயரைக் காலையும் மாலையும் உரக்கப் படித்தவன் நான்.

அப்போதுதான் ஜூலியா மார்கரெட் கேமரூனைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். முதிர்ந்த வயதில் காமிராவைத் தொட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரு குலதெய்வம் போன்றவர். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 இறுதியில், 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த காமிராதான் அவருடைய முதல் காமிரா. இங்கிலாந்தின் வைட் தீவிலிருந்த வீட்டில் கோழிக் கொட்டிலைப் படப்பிடிப்புக் கூடமாகவும் நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டிய காலம் அது. கூர்மையில்லாத படங்கள் என்று வல்லுநர்கள் ஏசினார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. டென்னிசனையும் டார்வினையும் ஹெர்ஷலையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் நிற்கின்றன.

1875இல், அறுபதாம் வயதில், அவர் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. இலைத்துரு நோய் காப்பியை அழித்துக்கொண்டிருந்த காலம். தங்கள் சவப்பெட்டிகளையும் கப்பலில் கூடவே கொண்டுவந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து போனவர்கள். வெப்பத்தோடும் ஈரத்தோடும் மல்லாடி அவர் அங்கே எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியிருக்கின்றன. 1879 ஜனவரியில் திக்கோயாவில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில், மலைச்சரிவில் இருக்கிறது.

அந்த இலங்கைப் படங்களில் ஒன்று களுத்துறையில் எடுத்தது. மூன்று பேர் நேராக நிற்கிறார்கள். யாரும் குனியவில்லை. நடுவில் ஒரு சிறுமி. அவளுக்குப் பன்னிரண்டு வயது என்றும், தந்தை எனச் சொல்லிக்கொண்ட முதியவர் தம் வயது நூறு என்று கூறினார் என்றும் கேமரூன் குறித்து வைத்திருக்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார். பெயர் மட்டும் இல்லை. டென்னிசனுக்குப் பெயர் இருந்தது. அவருக்குப் படம் தேவைப்படாமலும் இருந்திருக்கலாம். இந்த மூவருக்கு இருந்தது படம் மட்டுமே. அந்தச் சிறுமி தன் முகத்தைக் காகிதத்தில் பார்த்தாளா என்ற எண்ணம் என்னை விடவில்லை. கேமரூனைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர் காலத்தில் ஒரு பிரதி என்பது ஒரு பகல் உழைப்பு. எனக்கு அது தேனி ஸ்டுடியோவில் பத்து நிமிடம், சில பத்து ரூபாய்.

மறுவாரம் அந்தப் படத்தை எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல அளவில் இரண்டு பிரதி போட்டேன். பழைய குனிந்த படங்களிலும் முகம் தெரிந்தவற்றைத் தேர்ந்து சிறிய அளவில் அச்சிட்டேன். எழுபத்தாறு படங்கள். துணிப்பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் மலையேறினேன். காமிராவை எடுத்துப்போகவில்லை, பை கனமாக இருந்தது. படத்தைக் காட்டி, "இவுக யாரு?" என்று தோட்டம் தோட்டமாகக் கேட்டேன். சிலர் வேலையை விட்டுவிட்டிருந்தார்கள். இரண்டு பேர் இறந்துபோயிருந்தார்கள். அந்தப் படங்களைப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். கிடைத்த பெயர்களைப் படங்களின் பின்புறத்தில் பென்சிலால் எழுதினேன். அவர்களுக்குத் தெரிந்த பெயர்கள் அவை. அச்சில் வர வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. இருபத்தொரு படங்களுக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை.

படமெடுக்கும் இன்பம் குறைந்துவிடவில்லை. 2023 ஜூன் 15 அன்று அகலப் பாதையில் ரயில் போடிக்குத் திரும்பி வந்தபோது, நடைமேடையில் இளைஞர்களை முண்டியடித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். இம்முறை படம் விழுந்தது. ஆனால் எஞ்சினைவிட அதிகமாக அன்று நான் எடுத்தது ரயிலைப் பார்க்க வந்தவர்களை. தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு பாதிப் பேருக்காவது பிரதி சேர்த்தேன். புதிய காமிராக்களைப் பற்றிய செய்திகளையும் இரவில் ரகசியமாகப் படிக்கிறேன். இன்னும் பெரிய சென்சார் உள்ள ஒன்றின்மேல் கண் இருக்கிறது. காரணம் இன்னும் கிடைக்கவில்லை. உடம்பு விரைவில் ஒன்றைக் கொடுத்துவிடும்.

திருப்பூருக்கான படத்தை நான் கொண்டுபோய்க் கொடுத்தது கிட்டங்கியில். அவர் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதலில் தம் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தைச் சன்னல் பக்கம் தூக்கி, காயைப் பார்ப்பதுபோலச் சாய்த்துப் பார்த்தார். பின்னால் நின்ற ஏலத்தட்டைகளின்மேல் அவர் பார்வை சற்று நேரம் நின்றது.

"நெறம் சரியா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இப்பச் சரி" என்றார்.